மூடிய மளிகைக் கடையும் அம்மாவின் நோட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வடசென்னையைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். அங்கே பட்டாளம் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். என் தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தார். மில் மூடியபின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். திருமணத்துக்குப் பிறகு நான் வேளச்சேரிக்கு வந்துவிட்டேன். அம்மா இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறார்.

எங்கள் தெருமுனையில் இருந்த அண்ணாச்சி கடை சென்ற மாதம் மூடப்பட்டுவிட்டது. அண்ணாச்சி திசையன்விளைப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டாராம். சேதி கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்த ஏழு மாதமும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அண்ணாச்சியின் கடன் நோட்டினால்தான். ஆனால் கையில் காசு வந்த பிறகு நாங்கள் என்ன செய்தோம்? முதல் வாரம் சூப்பர் மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கினோம். மாதக் கடைசியில் காசு தீர்ந்ததும் அண்ணாச்சியிடம் நோட்டை நீட்டினோம். தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அந்தக் கடையை மூடியது நாங்கள்தானா?

என் கணவர் வேறு மாதிரி சொல்கிறார். கிலோவுக்குப் பத்து ரூபாய் அதிகம் வைத்து விற்ற கடை மூடினால் ஏழைகளுக்கு லாபம்தானே, ரேஷன் இருக்கிறது, போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் பொருள் வருகிறது, உன்னுடைய வருத்தம் வெறும் சின்ன வயது ஞாபகம் என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. அம்மாவின் நோட்டில் 1,140 ரூபாய் பாக்கி நிற்கிறது. அதை என்ன செய்வது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். என் பெரியப்பா வியாசர்பாடியில் மளிகைக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை நாள்களில் பழைய செய்தித்தாளைக் கிழித்துப் பொட்டலம் மடிப்பதும், மாலையில் நோட்டுக் கணக்கைப் பேரேட்டில் ஏற்றுவதும் என் வேலை. ரொக்கம் கொடுப்பவருக்கு ஒரு விலை, நோட்டில் எழுதுபவருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக ஒரு விலை என்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஐந்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்குபவர், ஐந்து லிட்டர் வாங்குபவரைவிட லிட்டருக்கு அதிகம் கொடுக்கிறார் என்பதும் அந்தப் பேரேட்டில் நான் கற்ற பாடம்தான். இல்லாதவர்தான் எதையும் அதிக விலைக்கு வாங்குகிறார். இதை மறைத்துவிட்டு அண்ணாச்சியைத் தெய்வமாக்கினால் அது உங்கள் அம்மாவுக்கும் நியாயமாகாது, அவருக்கும் நியாயமாகாது.

ஆனால் அந்தப் பத்து ரூபாய் எங்கே போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். மளிகையில் நூற்றுக்கு எட்டு ரூபாய் நின்றாலே நல்ல வியாபாரம் என்பார் பெரியப்பா. ஒரு குடும்பம் 3,000 ரூபாய் பாக்கியோடு இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அவர் 37,500 ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். அதுவரை அவருடைய உழைப்பும், கடை வாடகையும், மின் கட்டணமும் கணக்கில் சேராது. கொத்தவால் சாவடியைச் சுற்றியுள்ள தெருக்களில் அவருக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரிகளோ பதினைந்து நாளுக்கு மேல் பொறுக்க மாட்டார்கள். தெரு அவருக்குத் தர வேண்டியதற்குத் தவணை இல்லை; அவர் மண்டிக்குத் தர வேண்டியதற்குத் தவணை உண்டு. அறுபது வீட்டு நோட்டில் சராசரியாக 1,500 ரூபாய் நின்றாலும், 90,000 ரூபாய் முதல் அலமாரியில் சரக்காக இல்லாமல் தெருவின் வயிற்றில் இருக்கிறது என்று பொருள். கூடுதலாக வைத்த அந்தப் பத்து ரூபாயில் பெரும்பகுதி, திரும்பி வராத கடனை அடைக்கவே போனது. கடனைத் திருப்பித் தந்தவர், தராதவருக்கும் சேர்த்துக் கொடுத்தார். வியாசர்பாடியில் அதைச் சுரண்டல் என்றும் சொன்னார்கள், உதவி என்றும் சொன்னார்கள். இரண்டு சொல்லுக்கும் இடமிருந்தது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கடையை மூடியது நீங்கள் அல்ல. உங்கள் தாத்தாவின் மில்லை மறந்துவிட்டு இந்தக் கடையின் கதையைச் சொல்லவே முடியாது.

1870களில் தொடங்கிய பக்கிங்ஹாம் மில்லும், பிறகு அதன் அருகே எழுந்த கர்நாடிக் மில்லும் சேர்ந்ததுதான் பின்னி மில். அவை நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரம்பூரையும் புளியந்தோப்பையும் பட்டாளத்தையும் ஓட்டேரியையும் தாங்கி நின்றன. சம்பளத்தின் அளவைவிட, சம்பளத்துக்கு ஒரு தேதி இருந்ததுதான் மளிகைக் கடைக்கு முக்கியம். கடன் நோட்டு என்பது அந்தத் தேதியின் மேல் கட்டப்பட்ட ஏற்பாடு. சம்பள நாளன்று மில் வாசலிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, நோட்டை நீட்டி, பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு, புதுப் பக்கத்தில் முதல் வரியை எழுதச் சொன்ன தொழிலாளர்களைப் பற்றிப் பெரியப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். வேலைநிறுத்தமோ கதவடைப்போ வந்தால் பக்கங்கள் நீளும். மில் திறந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். திறக்கும் என்கிற நம்பிக்கையில்தான் அவர் அரிசியை அளந்தார்.

அந்தப் பகுதியின் வணிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இருந்த நெருக்கத்தை வரலாற்றிலும் காணலாம். 1918 ஏப்ரல் 27 அன்று உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் முன்னோடி. அதை வழிநடத்திய பி.பி.வாடியாவையும் திரு.வி.க.வையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வாடியாவைத் தேடிச் சென்று தொழிலாளர்களின் நிலையைச் சொல்லி அழைத்து வந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அந்தப் பகுதியில் வணிகம் செய்துவந்தவர்கள். அவர்கள் நடத்திய பக்திச் சபையில் கூடிய மில் தொழிலாளர்களின் துயரம்தான் சங்கமாக மாறியது. தொழிலாளியின் குறை தன் வாடிக்கையாளரின் குறை என்று வணிகருக்குத் தெரிந்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் விலைவாசி ஏறியபோது இதே சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பசித்தவனுக்கும் தானியம் வைத்திருப்பவனுக்கும் இடையிலான உறவு ஒருபோதும் முழு அன்பாக இருந்ததில்லை. நம்பிக்கை உள்ளவரை நோட்டு, அது போனால் கல்.

1996இல் மில் மூடப்பட்டது. அதன்பின் உங்கள் தெருவில் நடந்தது எனக்கு நேரில் தெரியாவிட்டாலும், வியாசர்பாடியில் நடந்ததை வைத்துச் சொல்ல முடியும். மாதச் சம்பளம் வாங்கியவர்களின் பிள்ளைகள் ஆட்டோ ஓட்டினார்கள், பெயிண்ட் அடித்தார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள். சிலருக்கு வருமானம் குறையக்கூட இல்லை. ஆனால் சம்பளத்துக்குத் தேதி இல்லாமல் போயிற்று. வேலை இருந்தால் இன்று எழுநூறு ரூபாய், மழை பெய்தால் நான்கு நாளைக்கு ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட கூலியின் மேல் கடன் நோட்டு நிற்க முடியாது, ஏனென்றால் 'எப்போது தருவீர்கள்' என்கிற கேள்விக்கு நேர்மையான மனிதரிடம்கூடப் பதில் இல்லை. குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும் காலங்களில் குடும்பங்கள் சிதறிப்போவதும், கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் தொலைவில் உள்ள பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் கொண்டுசெல்லப்பட்டதும் இதோடு சேர்ந்துகொண்டன. அந்த வீடுகளின் பாக்கி பேரேட்டிலேயே நின்றுவிட்டது. உங்கள் அண்ணாச்சி மில் மூடியபின்னும் இத்தனை ஆண்டுகள் கடை நடத்தினார் என்றால், மில் செய்துகொண்டிருந்த வேலையைத் தன் கைமுதலைக் கரைத்து அவர் ஒருவராகவே செய்துவந்திருக்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனதைக் குற்றமாக எண்ணுகிறீர்கள். கையில் இரண்டாயிரம் ரூபாய் சேர்ந்து வரும் ஒரே வாரத்தில் மலிவான இடத்தில் வாங்கியது, பல ஆண்டுகள் அதிக விலைக்கு வாங்கிய ஒரு குடும்பத்தின் நியாயமான கணக்கு. அது கடைக்கு இழப்பு என்பதும் உண்மைதான், ஏனென்றால் ரொக்க வியாபாரத்தின் லாபத்தில்தான் நோட்டு வியாபாரத்தின் நஷ்டத்தை அவர் தாங்கிக்கொண்டிருந்தார். ரொக்கம் வேறு பக்கம் போனபின் அவரிடம் மிஞ்சியது கடன் மட்டுமே. ஆனால் உங்கள் அம்மா இரண்டாயிரத்தையும் அவரிடமே கொடுத்திருந்தாலும் கடை சில மாதங்கள் கூடுதலாக நின்றிருக்கும், அவ்வளவே. ஒரு தெருவின் வறுமையை ஒரு வீட்டின் விசுவாசத்தால் ஈடுகட்ட முடியாது.

உங்கள் கணவருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் சில விஷயங்கள் உள்ளன. கடன் வியாபாரம் மோசமானது என்று நல்லெண்ணத்தோடு எதிர்த்தவர்கள் உண்டு. 1844இல் இங்கிலாந்தின் ராக்டேலில் நெசவாளர்கள் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தபோது, ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது என்று உறுதியாக இருந்தார்கள். கடைக்காரரின் கடன் தொழிலாளியின் கழுத்தில் கட்டிய கயிறு என்பதை அவர்கள் பட்டு அறிந்திருந்தார்கள். அந்த இயக்கத்தின் தாக்கத்தில்தான் 1904இல் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அந்த வழியில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ரொக்கம் மட்டும் என்கிற விதி, வாரக் கூலி உறுதியாக வரும் நெசவாளிக்குப் பொருந்தும். மழைக்கு வேலையிழக்கும் பெயிண்டருக்கு அந்த விதி கடையின் கதவைச் சாத்திவிடும்.

ரேஷன் கடையைப் பற்றி அவர் சொல்வது சரி, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கிலோ முப்பது ரூபாய்க்குத் துவரம்பருப்பும் லிட்டர் இருபத்தைந்து ரூபாய்க்குப் பாமாயிலும் மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கின்றன. அண்ணாச்சி கடை மூடிய மறுநாள் உங்கள் தெருவில் அடுப்பு எரிந்ததற்கு இதுவே காரணம். ஆனால் புளியும் மிளகாயும் சோப்பும் ரேஷனில் வராது. ஒரு லிட்டர் எண்ணெய் நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் முழுவதும் போதாது. இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு பாக்கெட் ரொட்டி வேண்டுமென்றால் அந்த ஜன்னல் திறந்திருக்காது.

பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவரும் செயலிகளோ பத்து ரூபாய்க்குக் கடுகு தருவதில்லை, நாளை மறுநாள் தருகிறேன் என்ற சொல்லை வாங்கிக்கொள்வதும் இல்லை. இது அந்நிறுவனங்கள் மீதான குறை அல்ல. அவை வேறு வகை வாடிக்கையாளருக்காகக் கட்டப்பட்டவை. அந்த வாடிக்கையாளர் இப்போது வேளச்சேரியில் இருக்கும் நீங்கள், பட்டாளத்தில் இருக்கும் உங்கள் அம்மா அல்ல.

எனக்கு மிகவும் கவலையளிப்பது வேறொன்று. நோட்டு மூடப்பட்டாலும் அதன் தேவை போய்விடவில்லை. பத்தாம் தேதி காசு தீர்ந்துபோகும் வீடு இன்றும் கடன் வாங்குகிறது. வாங்கும் இடம்தான் மாறியிருக்கிறது. முன்பு அது அரிசியாகவும் பருப்பாகவும், கூடுதல் விலை என்ற ஒரே ஒரு வட்டியோடு வந்தது. இப்போது குழுக் கடனாகவும், தெருவில் வசூலுக்கு வருபவரின் தண்டல் பணமாகவும், போனில் வரும் கடன் செயலியாகவும் வருகிறது. வாரத் தவணை தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். செயலிக்காரர்கள் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அவமானச் செய்தி அனுப்புகிறார்கள். வலுக்கட்டாயமான கடன் வசூலைத் தடுக்க 2025இல் தமிழகச் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. பெரியப்பாவும் பாக்கியைக் கேட்டுக் கடுமையாகப் பேசியிருக்கிறார், நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் கேட்டது மறுநாளும் அதே வாசலில் முகம் பார்க்க வேண்டிய ஒருவரிடம். சாவு விழுந்த வீட்டில் அவர் கேட்க மாட்டார். அந்த வாரம் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுவார். எந்த வீட்டில் ஆண் குடிக்கிறான், எந்தப் பெண்ணின் கையில் காசைக் கொடுத்தால் அது உலைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கு விலை போட முடியாததால், கடை மூடும்போது அது எந்த இழப்புக் கணக்கிலும் வருவதில்லை. நீங்கள் தூங்காத இரவைச் சின்ன வயது ஞாபகம் என்று ஒதுக்க என்னால் முடியாததற்கு இதுவே காரணம்.

அந்த 1,140 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். அண்ணாச்சியின் எண் அவருக்குச் சரக்குக் கொடுத்த லைன் வண்டிக்காரர் யாரிடமாவது இருக்கும். பணத்தைப் போனில் அனுப்பிவிடுவது எளிது, ஆனால் முதலில் பேசுங்கள், அல்லது அம்மாவைப் பேசச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். அப்போதும் கொடுங்கள், ஏனென்றால் அவர் ஊரில் யாருக்காவது கைமாற்று பாக்கி வைத்திருக்க வாய்ப்புண்டு. என்றாவது தெற்கே போகும் வழி வாய்த்தால் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே 'வரவு' என்று எழுதிக் கோடு போடட்டும். திரும்பி வரும்போது நோட்டை அங்கே விட்டுவிட வேண்டாம். உங்கள் அப்பா படுத்திருந்த அந்த ஏழு மாதங்களில் எந்தெந்த நாளில் எவ்வளவு அரிசி, எத்தனை பாக்கெட் பால், எந்த நாளில் ஒன்றுமே வாங்கவில்லை என்பதெல்லாம் அதில் தேதியோடு இருக்கும். சிரமம் இல்லையென்றால் அந்தப் பக்கங்களின் நகலை எனக்கு அனுப்புங்கள். பெரியப்பாவின் பேரேடுகளைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டோம்.

அன்புடன்.