லிம்போமா செல்லைன்களில் மருந்துச் சோதனை: கேள்வி-பதில்

இப்ரூடினிப் என்ற மருந்து டிஎம்டி8 என்ற லிம்போமா செல்லைனை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்கள்) கொல்கிறது. லிம்போமாவின் அதே ஏபிசி துணைவகைதான் ஓசிஐ-எல்ஒய்3 செல்லைனும், ஆனால் அது அசையவே இல்லை. மருந்து கெட்டுவிட்டதா?

டிஎம்டி8 சாகிறதே, மருந்து நன்றாகத்தான் இருக்கிறது. இப்ரூடினிப் பூட்டுவது, செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞைத் தொடரில் உள்ள பிடிகே என்ற என்சைமை. டிஎம்டி8-இல் கோளாறு அந்தத் தொடரில் பிடிகேவுக்கு மேலே, சிடி79பி என்ற புரதத்தில். ஓசிஐ-எல்ஒய்3-இல் பிடிகேவுக்குக் கீழே உள்ள கார்டு11 புரதமே மாறியிருக்கிறது. மடையை அடைத்தாலும் வாய்க்காலுக்குள்ளேயே ஊற்றெடுத்தால் வயல் நனையத்தான் செய்யும். இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். ஒன்று சாக வேண்டும், மற்றது பிழைக்க வேண்டும். 10 மைக்ரோமோலாரில் இரண்டும் செத்தால் மகிழ வேண்டாம். அந்த அளவில் இப்ரூடினிப் வேறு கைனேஸ்களையும் (பிடிகே போன்ற என்சைம்களையும்) தொடும்.

ஒரே அளவு மருந்து போட்ட மூன்று குழிகளில் மூன்று விதமான எண் வருகிறது. ஏன்?

பெரும்பாலும் செல் ஊற்றும்போது நேரும் பிழை. இவை ஒட்டாத செல்கள். தொட்டியில் வைத்த சில நிமிடங்களில் அடியில் படிந்துவிடும். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே எண்ணிக்கை மாறும். ஒவ்வொரு வரிசைக்கும் முன் பிப்பெட்டால் மெதுவாகக் கலக்குங்கள். குழிக்கு 50 மைக்ரோலிட்டரில் 10,000 செல்கள், மேலே இரட்டைச் செறிவு மருந்து 50 மைக்ரோலிட்டர். 96 குழித் தட்டின் ஓரத்து 36 குழிகளில் மீடியம் (செல் வளர்ப்புத் திரவம்) மட்டும். அவை ஆவியாகிக் கெடுக்கும்.

மருந்தை முதலில் அதைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ-விலேயே மூன்று மடங்காகப் படிப்படியாக நீர்க்க வேண்டும். பிறகுதான் ஒவ்வொன்றையும் மீடியத்தில் 500 மடங்கு நீர்ப்பது. 10 மில்லிமோலார் ஸ்டாக், குழியில் 10 மைக்ரோமோலார் ஆகும். டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் 0.1 சதவீதம், மருந்தில்லாத கட்டுப்பாட்டுக் குழியிலும் அதே அளவு. மீடியத்திலேயே தொடர்ந்து நீர்த்தால் டிஎம்எஸ்ஓ குழிக்குக் குழி மாறும், மருந்து படிவாகவும் இறங்கலாம்.

ஈஇசெட்எச்2 என்ற என்சைமைத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட் மருந்து, 72 மணி நேரத்தில் கார்ப்பாஸ்-422 என்ற லிம்போமா செல்லைனை ஒன்றும் செய்யவில்லை.

செய்யாது. ஈஇசெட்எச்2-தான் ஹிஸ்டோனில் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்) மெத்தில் குறி இடுகிறது. அதை நிறுத்தினாலும் ஏற்கெனவே உள்ள குறி மறைய நாட்கள் பிடிக்கும். 11 நாள் வரை ஓட்டுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணி, தொடக்க அடர்த்திக்கே குறைத்துப் புது மருந்து சேருங்கள். நான்காம் நாள் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) அந்த மெத்தில் குறியான எச்3கே27எம்இ3-இன் பட்டை மங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது.

வெனிடோகிளாக்ஸ் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்தேன், 40 சதவீதமே பிழைத்தன. கூட்டு விளைவு (ஒன்றையொன்று வலுப்படுத்தும் சினெர்ஜி) என்று எழுதலாமா?

தனித்தனியே 70, 60 சதவீதம் பிழைத்திருந்தால், இரண்டையும் பெருக்கிப் பார்க்கும் பிளிஸ் கணக்குப்படி எதிர்பார்ப்பதே 42. அப்படியானால் எழுத வேண்டாம்.

மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பைத் தொற்றும் நுண்ணிய பாக்டீரியா) சோதனை எப்போது?

மாதம் ஒருமுறை பிசிஆர். மீடியம் கலங்காது, கண்ணுக்கும் தெரியாது. அதற்கும் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) உண்டு என்பதால், ஏடிபியை ஒளியாக அளவிடும் சோதனையில் செத்த குழியும் உயிரோடு தெரியும்.