ஊட்டியில் 2 அடி மீன் தொட்டிக்கு எந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?

இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு ஃபைட்டர், ஒரு ஜோடி ஏஞ்சல், பத்து நியான் டெட்ரா, கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் என்று பட்டியல் கொடுத்து, எல்லாம் சேர்ந்து இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். ஏஞ்சல் வளர்ந்ததும் நியானை விழுங்கும். சக்கர் ஒரு அடிக்கு மேல் வளரும், அது போடும் அழுக்கு சுத்தம் செய்வதைவிட அதிகம். கோல்டு ஃபிஷ் குளிரைத் தாங்கும்தான், ஆனால் ஒரு சாண் நீளத்துக்கு வளர்கிற மீனுக்கு 2 அடி தொட்டி போதாது.

அதைவிட முக்கியமானது ஒன்று. மீன்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்ப்பதற்கு முன்னால் நம் குளிரோடு ஒத்துப்போகுமா என்று பாருங்கள். நான் குன்னூரில் இருக்கிறேன். மார்கழி காலையில் என் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 15, 16 டிகிரிதான் காட்டும், ஊட்டி இன்னும் உயரம் என்பதால் உங்களுக்கு அதற்கும் கீழே போகலாம். நியானுக்குக் குறைந்தது 21 டிகிரி வேண்டும், ஃபைட்டருக்கும் ஏஞ்சலுக்கும் 24க்கு மேல்.

ஹீட்டர் போடலாமே என்பீர்கள். நானும் போட்டேன். ஒரு மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை, சின்னத் தொட்டி என்பதால் தண்ணீர் ஒரே ராத்திரியில் சில்லிட்டுவிட்டது, அந்த வாரமே டெட்ராக்கள் மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி நோய் வந்து பன்னிரண்டில் ஒன்பது போயிற்று. அதிலிருந்து ஹீட்டரை நம்பி வாழவேண்டிய மீன்களை நான் வாங்குவதில்லை.

தண்ணீரையும் கவனியுங்கள். எங்கள் வீட்டு ஊற்றுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டாலே நன்றாக நுரைக்கும், அந்த அளவுக்கு உப்பும் சுண்ணாம்பும் குறைவு. மோலி, கப்பி மாதிரி மீன்களுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், அதனால் 'எளிதாக வளரும்' என்று கடைக்காரர் கொடுக்கும் மோலி இங்கே உடம்பை ஆட்டிக்கொண்டே இளைத்துப்போகும்.

சரி, என்ன வாங்கலாம்? 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 56 லிட்டர், மணலும் கல்லும் போக 45 லிட்டர் நிற்கும். அதில் என் தேர்வு எட்டு வொயிட் கிளவுட், கூடவே ஐந்து பெப்பர்டு கோரி. வொயிட் கிளவுட் தெற்குச் சீனாவின் மலை ஓடைகளிலிருந்து வந்தது, ஒன்றரை அங்குலம்தான் வளரும், 18 முதல் 22 டிகிரியில் அதன் நிறமே தனி, அதற்குக் கீழே போனாலும் சமாளிக்கும். கோரி அடியில் மேயும், மேலே நீந்துகிற மீனைச் சீண்டாது, மணல் மட்டும் மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மீசை தேய்ந்துவிடும். வொயிட் கிளவுட் கிடைக்காவிட்டால் ஜீப்ரா டேனியோ எட்டு. இரண்டுமே கூட்டமாக வாழும் மீன்கள், இரண்டு மூன்று மட்டும் விட்டால் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே இருக்கும். ரோஸி பார்பும் குளிருக்குப் பொருந்தும், ஆனால் மூன்று அங்குலத்துக்கு மேல் போகும் என்பதால் 3 அடி தொட்டிக்கே சரி.

'மிஸ் கேரளா' என்று சிவப்புக் கோடு போட்ட ஒரு மீனைக் காட்டி, நம் மலைத்தொடர் மீன், குளிரைத் தாங்கும் என்பார்கள். தாங்கும், பார்க்கவும் அவ்வளவு அழகு. 1865இல் பிரான்சிஸ் டே அதற்கு அன்றைய மெட்ராஸ் கவர்னர் டெனிசனின் பெயரை வைத்தார். ஆனால் அரை அடி நீளத்துக்கு வளர்ந்து கூட்டமாகப் பாய்ந்து ஓடும் மீன் அது, 4 அடி தொட்டியாவது வேண்டும். காட்டு ஓடைகளில் பிடித்துப் பிடித்தே அழியும் நிலைக்கு வந்துவிட்ட இனமும்கூட, அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம், அவசரம் வேண்டாம். ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குளிரில் மெதுவாகத்தான் பெருகும். சமவெளியில் ஒரு மாதத்தில் தயாராகும் தொட்டிக்கு எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. முதலில் வொயிட் கிளவுட்டை மட்டும் விட்டு மூன்று வாரம் கழித்துக் கோரியைச் சேருங்கள். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வாங்கினால் பையிலிருக்கும் தண்ணீர் 28 டிகிரி இருக்கும், அதை நேராக 16 டிகிரியில் விட்டால் குளிரைத் தாங்கும் மீன்கூடத் தாங்காது. ஏப்ரல், மே மாதத்தில் வாங்குவது நல்லது. இப்போதே வேண்டுமென்றால் யாரிடமாவது ஒரு ஹீட்டர் இரவல் வாங்கி 26இல் வைத்து, நாளுக்கு ஒரு டிகிரி குறைத்து, 20க்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.