ஸ்கூட்டிக்குக் கெட்ட பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஸ்கூட்டர் வாங்கினேன். அம்மாவுக்கு மூட்டுவலி. பைக்கின் பின்சீட் உயரத்துக்கு ஏறி உட்கார அவரால் முடியாது. அன்றிலிருந்து நண்பர்கள் என்னை ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் மாமா வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, “தம்பிகிட்ட பைக் இல்லீங்களா?” என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அமையாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

இத்தனைக்கும் நான் ஒழுங்காக ஓட்டுகிறவன். காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிற லேடீஸால்தான் ஸ்கூட்டிக்கே கெட்ட பெயர். இதில் என் தங்கை வேறு ஓட்டக் கற்றுக்கொடு என்று நச்சரிக்கிறாள். அப்பா வேண்டாம் என்கிறார். எனக்கும் பயம்தான்.

வண்டியை வைத்து மனிதனை எடைபோடும் இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது? பேசாமல் விற்றுவிட்டு பைக் வாங்கிவிடலாமா?

அன்புடன்,
கார்த்திக்

*

அன்புள்ள கார்த்திக்,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் எங்கள் உறவினர் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்திருந்தது. புடவை கட்டிய ஒரு பெண் தெருமுனையில் ஸ்கூட்டியைத் திருப்பும்போது சாய்ந்து விழுகிறார். வண்டியில் அவருக்கு முன்னால் நின்றிருந்த பிள்ளையும் விழுகிறது. அதற்கு ஒரு சினிமாச் சிரிப்பைப் பின்னணியில் சேர்த்திருந்தார்கள். படித்தவர்கள், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், வரிசையாகச் சிரிப்பு பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். பிள்ளைக்கு அடிபட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் ஆறாமல் இருந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். பதிலில் சூடு இருந்தால் காரணம் அதுதான்.

முதலில் உங்கள் மனக்குறை. அம்மாவின் முட்டிக்காக வண்டியைத் தேர்ந்தெடுத்த பிள்ளை நீங்கள். உங்களைப் பற்றி அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. நண்பர்களை விடுங்கள், அவர்களுக்கும் ஒருநாள் அம்மாவுக்கு முட்டி வலிக்கும். அந்த மாமாவையும் விடுங்கள்.

ஆனால் அந்த மாமாவின் தலைமுறைக்கு ஸ்கூட்டர் என்றாலே ஆண்பிள்ளை வண்டிதான் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்து வருடம் வரை காத்திருந்திருக்கிறார்கள். அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்று வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரரைத் தேடி அலைந்திருக்கிறார்கள். கல்யாணப் பேச்சில் நகைக்கு அடுத்தபடியாக ஸ்கூட்டர் வரும். காலையில் கிளம்ப மறுத்தால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, வியர்க்க விறுவிறுக்க உதைப்பார்கள். அந்த ஆண்களை யாரும் கேலி செய்ததில்லை. 1984-ல் கைனெடிக் ஹோண்டா வந்தது. கியர் கிடையாது, உதைக்கவும் வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும். தொண்ணூறுகளில் டிவிஎஸ் ஸ்கூட்டி வந்தது. பெண்கள் ஏறினார்கள். அந்தக் காலத்திலேயே ஜப்பானியக் கூட்டில் வந்த 100 சிசி பைக்குகள் மைலேஜைக் காட்டி ஆண்களை இழுத்துக்கொண்டன. 2009-ல் பஜாஜ் ஸ்கூட்டர் செய்வதையே நிறுத்திவிட்டது. மின்சார சேத்தக்கோடு அது ஸ்கூட்டருக்குத் திரும்பி வந்தது 2020-ல்தான். ஆக, ஆண்கள் ஸ்கூட்டரை விட்டு இறங்கியது பெட்ரோல் செலவுக்குப் பயந்து. ஊர் அதை வீரமாக மாற்றிக்கொண்டது. பெண் ஏறினாள், ஆகவே அது மட்டமான வண்டி என்று முடிவுகட்டிவிட்டது.

இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். யார் எதில் ஏறலாம் என்று ஊர் தீர்மானிப்பது நமக்குப் புதிதா? தலித்துகள் மற்ற சாதியார் தெருவுக்கு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்றிருந்த கிராமங்கள் இந்தத் தமிழ்நாட்டில்தான் இருந்தன. பைக்கில் போனதற்காக இன்றும் அடி விழுகிறது. நண்பர்களின் கேலியை அதோடு ஒப்பிட்டால் அது பாவம். ஆனால் வண்டியில் மேல்கீழ் பார்க்கும் கண் அங்கே பழகிய கண்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிற லேடீஸ்.’ கார்த்திக், கேலியின் வலி தெரிந்தவர் நீங்கள். உங்கள் கன்னத்தில் விழுந்த அறையை அப்படியே பக்கத்தில் நிற்கிறவள் கன்னத்துக்கு மாற்றிவிட்டிருக்கிறீர்கள். உங்களை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடுவது ஏன் கேலியாகிறது? ஆன்ட்டிகள் கேலிக்குரியவர்கள் என்று நீங்களும் ஒத்துக்கொள்வதால்தான். அதை ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தப் பெயர் உங்களை இவ்வளவு சுட்டிருக்காது.

அந்தக் கால் ஏன் தரைக்கு வருகிறது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறவர், இயந்திரம் தெரிந்தவர், யோசித்திருக்க வேண்டும். பைக்கில் இரண்டு காலுக்கும் வேலை இருக்கிறது. வலது காலில் பின் பிரேக், இடது காலில் கியர். கால் தன் இடத்தில் இருந்தே பழகிவிடுகிறது. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். காலுக்கு எந்த வேலையும் கிடையாது. வேகம் நன்றாகக் குறைந்ததும் உள்ளே இருக்கும் தானியங்கி கிளட்ச் விடுபட்டுவிடும், சக்கரத்தின் மேல் என்ஜினுக்குப் பிடி இருக்காது. பைக்காரர் அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நகர்த்துவது போல இதில் நகர்த்த வழியில்லை. சக்கரமோ சின்னது, பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம். நம் ஊர்க் குழியில் இறங்கினால் கைப்பிடி ஆடிப்போகும். சாதாரணமாக விற்கிற ஸ்கூட்டர்கள் பலவும் நூறு கிலோவுக்கு மேல் எடை. அதன் மேல் ஐந்தடிக்குச் சற்று அதிகமாக உயரமுள்ள ஒரு பெண், முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை, கால் வைக்கும் இடத்தில் அரிசிப் பை, தோளில் கைப்பை, கையில் நேரமில்லை. நெரிசலில் வண்டி ஆடும்போது பிள்ளையை விழவிடக் கூடாது என்று அந்தக் கால் தரையைத் தேடுகிறது.

அடுத்த சிக்னலில் நின்று பாருங்கள். ஊர்ந்து நகரும் கூட்டத்தில் பைக்காரர்களும் இரண்டு காலையும் தொங்கப்போட்டுத் துழாவிக்கொண்டுதான் போகிறார்கள். அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், யார் எப்படிக் கற்றார்கள் என்பது. பையன் பன்னிரண்டு வயதில் அப்பாவின் வண்டியைத் திருட்டுத்தனமாக எடுப்பான். சுவரில் இடிப்பான், முழங்காலைத் தேய்த்துக்கொள்வான், திட்டு வாங்குவான், அடுத்த வாரம் மறுபடி எடுப்பான். அவனுடைய தப்பெல்லாம் யாரும் பார்க்காத சந்தில் முடிந்துபோகிறது. முப்பத்தைந்து வயதில் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு அந்தச் சந்து கிடைப்பதில்லை. பின்னால் உட்கார்ந்த கணவன் “பிரேக்கப் பிடி, பிரேக்கப் பிடி” என்று காதுக்குள் கத்துகிறான். நாலு நாள் ஓட்டிவிட்டு ஐந்தாம் நாள் மெயின் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் பிள்ளையைப் பள்ளியில் விடும் வேலை அன்றே அவள் தலையில் விழுந்துவிடும். அவளுடைய தப்புகளைப் பார்க்க மட்டும் ஊரே கூடி நிற்கிறது.

காலைத் தேய்ப்பது சரி என்று நான் சொல்லவில்லை. ஓடுகிற வண்டியில் பாதம் மடங்கினால் கணுக்கால் போய்விடும். திருத்த வேண்டிய பழக்கம்தான். ஆனால் சிரித்து யாருக்கும் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுக்க முடியாது.

பெண்கள் ஓட்டுவதால்தான் விபத்து என்று அடுத்து சொல்வார்கள். சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் ஆண்கள் என்று மத்திய அரசின் ஆண்டறிக்கைகள் சொல்கின்றன. சாலையில் ஆண்கள் அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த உயிர்களில் பெரும்பகுதியை எடுப்பது மிதமிஞ்சிய வேகம். இடது இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் திரும்பும் ஜோக்கைப் பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை.

என் சித்தியைப் பற்றிச் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தார். 1991-ல் அங்கே எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மாவட்டத்தில் 70,000-க்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் கற்றார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே நல்லது என்று சொன்ன பெண்களும் இருந்தார்கள். சித்தி கண்மாய்க்கரையில் இருட்டும் நேரம் பார்த்துப் பழகினார். அந்த நேரத்துக்கும் நாலு பேர் வந்து கரையில் உட்கார்ந்துகொள்வார்கள். முழங்கால் தெரிகிறது என்பார்கள், இன்னும் கேவலமாகவும் பேசுவார்கள். சித்தி ஒருநாள்கூட அதை வீட்டில் சொல்லி அழுததில்லை. எனக்குச் சின்ன வயது, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன், ஆகவே எல்லாம் என் காதிலும் விழுந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் சித்தி ஒரு ஸ்கூட்டி வாங்கினார். சித்தி போன்ற செவிலியர் வேலை பார்க்கும் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஏறக்குறைய 5,000 பேர் என்பது அரசுக் கணக்கு. அந்த 5,000 பேரும் ஒரே ஊரில் இருக்க மாட்டார்கள். ஐஸ் கட்டி அடுக்கிய தடுப்பூசிப் பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பைக்கில் அந்தப் பெட்டியை எங்கே வைப்பது? 1946-ல் இத்தாலியில் வெளிவந்த வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர், மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. காலைத் தூக்கிப் போடாமல் ஏற வேண்டும், உடுப்பில் எண்ணெய்க் கறை படக் கூடாது என்று நினைத்துச் செய்தார். அவர் நினைத்த வண்டியை முழுமையாகப் பயன்படுத்தியவர் என்றால் நான் என் சித்தியைத்தான் சொல்வேன்.

அந்தச் சித்தியும் காலை ஊன்றித்தான் நிறுத்துவார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான். அவருடைய செருப்புகளில் வலது கால் செருப்பு எப்போதும் முதலில் தேயும். மழைக்காலச் செம்மண் பாதையில் பிரேக்கை மட்டும் நம்பினால் வழுக்கும் என்பது அவர் விழுந்து எழுந்து கண்டுபிடித்தது, சொல்லித்தர அங்கே யாரும் இல்லை. சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு போலியோ சொட்டு மருந்து அந்த வண்டியில்தான் போயிற்று. அவரைப் பார்த்தும் டீக்கடை வாசலில் சிரித்தார்கள். பின்னால் 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று தமிழக அரசு கொடுத்தபோது, ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் எல்.எல்.ஆருக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். “இனிமே ரோட்டுல நடமாட முடியாது” என்று என் காதுபடச் சொன்னார்கள். சொன்னவர்களின் பிள்ளைகளும் சித்தி போன்ற ஒருத்தி கொண்டுவந்த மருந்தைக் குடித்தவர்கள்தானே.

உங்கள் தங்கையை ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கு அவள் நினைப்பாகவே இருக்கிறது. முதல் வேலையாக அவளுக்கு எல்.எல்.ஆர். போடுங்கள். போட்டு 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸுக்குப் போக முடியும், அந்த முப்பது நாளும் உங்களுடையது. காலியான மைதானமாகப் பாருங்கள், வேடிக்கை பார்க்க ஆள் இல்லாத நேரமாகப் பாருங்கள். முதல் நாள் என்ஜினையே போட வேண்டாம். வண்டியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவள் கை தெரிந்துகொள்ளும்வரை தள்ளிப் பழகட்டும். வண்டியை விட்டு இறங்கும் முன் என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், பிடித்த பிடியில் ஆக்ஸிலேட்டர் முறுக்கிக்கொண்டுதான் புதிதாக ஓட்டுகிறவர்கள் பலர் விழுகிறார்கள். நிறுத்தும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு, இரண்டு பிரேக்கையும் ஒருசேர மெதுவாக அழுத்தி, வண்டி நிற்கும் தறுவாயில் மட்டும் இடது காலை இறக்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக்கோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்ஸோ கட்டாயமாக்கப்பட்டதால், பெரும்பாலும் உங்கள் வண்டியில் இடது கைப் பிரேக்கை அழுத்தினாலே முன்சக்கரத்திலும் பிடிக்கும். அதை அவளுக்குச் சொல்லுங்கள். வண்டி விற்கிறவர்கள் பெண்களிடம் பெட்டியின் அளவைக் காட்டுகிறார்கள், நிறத்தைக் காட்டுகிறார்கள், இதைச் சொல்வதில்லை. பின்னால் உட்காராதீர்கள். பக்கத்தில் நடந்து வாருங்கள். கத்தாதீர்கள். முதல் நாளிலிருந்தே ஹெல்மெட் போடட்டும்.

அப்பாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

பைக் ஆசை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, அதில் ஒரு தப்பும் இல்லை. ஸ்கூட்டரை மட்டும் விற்க வேண்டாம், அது தங்கைக்கு வேண்டும்.

அன்புடன்,
அக்கா