இறக்கத்தில் மட்டும் நகம் கறுத்தால்

புதுக் காலணி வாங்க இப்போதே ஓடாதீர்கள், ஐயா. முதலில் கயிற்றைக் கட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். ஸ்பெயினின் சாந்தியாகோ தேவாலயத்துக்குத் தனியாக நடந்து யாத்திரை போகப் பழகுகிறீர்கள். மலேசியாவில் உங்கள் சுங்கை சிப்புட் தோட்டச் சாலையில் சமதளத்தில் வலியில்லை, செம்பனை மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் பெருவிரல் நகம் கறுக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பாதம் முன்னால் வழுக்கி, காலணி முனையில் இடிக்கிறது.

மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், காலணிக்குள் இருக்கும் மெத்தையை வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிஞ்சினால் அளவு சரி, மிஞ்சாவிட்டால்தான் கடை. பிறகு குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்கு அமர்த்துங்கள். கணுக்காலருகே ஒவ்வொரு பக்கமும் உள்ள கடைசி இரு துளைகளுக்கு இடையே கயிற்றைச் சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நுனியை அதற்குள் நுழைத்து இறுக்குங்கள். அதே மேட்டில் மறுபடியும் இறங்குங்கள்.

இனி யாத்திரை. சாந்தியாகோ பாதையைப் பிரான்ஸ் எல்லையிலிருந்து தொடங்கினால், முதல் நாளே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பிரனீஸ் மலை ஏறி, முடிவில் செங்குத்தாக இறங்க வேண்டும். 67 வயதில் தனியாக அது எதற்கு? அதே பாதையில் பின்னால் வரும் சாரியா ஊரிலிருந்து நடந்தாலும் 100 கிலோமீட்டருக்கு மேல் வரும், யாத்திரைச் சான்றிதழும் உண்டு. பையைக் காசு கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பலாம், பக்தி குறைந்துவிடாது.

சர்க்கரை நோய் இருந்தால் மேலே சொன்னதை ஒத்திவையுங்கள். கறுத்த நகத்தை ஊசியால் குத்தாமல், முதலில் கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள்.