டன்சாபுரோ கொடுத்த கடன்

கேள்வி: ஜப்பானியக் கதைகளில் தனுக்கி என்றொரு விலங்கு, மரத்து இலையைக் காசாக்கிக் கடைக்காரரை ஏமாற்றுகிறது, மனித உருவெடுத்து வழிப்போக்கரை அலைக்கழிக்கிறது. இந்த மோசடிக்கார விலங்குக்குக் கோயில்கூட இருக்கிறதாமே, ஏன்? இந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: கோயிலுக்குப் பிறகு வருகிறேன். 'மோசடிக்கார' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டீர்களே, அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. தனுக்கி வகையறாவில் பேர்போன ஒருவனை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். அவனுக்காக வழக்காட நான் தயார்.

அவன் பெயர் டன்சாபுரோ. ஊர், நீகாட்டா கரைக்கு எதிரே ஜப்பான் கடலில் கிடக்கும் சாடோ தீவு. அவாஜித் தீவின் ஷிபாயேமோன், யாஷிமா மலைத் தனுக்கி, இவன் ஆகிய மூவரையும்தான் ஜப்பானின் மூன்று பெரும் தனுக்கிகள் என்பார்கள். தனுக்கி காட்டில் உண்மையாகவே திரிகிற பிராணி. நாய்க் குடும்பம், குட்டைக் கால், அடர்ந்த மயிர், கண்ணைச் சுற்றிக் கறுப்புத் திட்டு. டன்சாபுரோ சாடோவின் தனுக்கிகளுக்கெல்லாம் தலைவன். இரவில் நடந்து வருபவன் முன்னால் திடீரென்று சுவர் எழுப்புவான். கடலின்மேல் கானல் காட்சி காட்டுவான். இலையைக் கொடுத்துச் சாமான் வாங்குவான். இவ்வளவும் உண்மை, மறைக்கவில்லை.

ஆனால் அதே டன்சாபுரோ ஊராருக்குக் கடன் கொடுத்தான். எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) எழுத்தாளர் பாக்கின் வரைக்கும் எட்டிய செய்தி இது. முடை வந்தவன் ஒரு காகிதத்தில் வேண்டிய தொகை, திருப்பித் தரும் நாள், தன் பெயர் மூன்றையும் எழுதி, முத்திரை குத்தி, டன்சாபுரோவின் வளை வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் போய்ப் பார்த்தால் காகிதம் இருக்காது, பணம் இருக்கும். ஜாமீன்தாரர் கிடையாது, ஈடு கிடையாது. கடையில் இலையை நீட்டியவன், கஷ்டப்பட்டு வந்தவனுக்கு நல்ல காசைத்தான் கொடுத்தான். பிறகு என்ன நடந்தது? வாங்கினவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒருவர் இருவராகத் தொடங்கிப் பலரும் கைவிரித்துவிட, வளை வாசலில் காகிதம் காகிதமாகவே கிடந்தது. டன்சாபுரோ கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டான்.

இப்போது சொல்லுங்கள் அம்மா, மோசடி செய்தது யார்? கடன்பட்டார் நெஞ்சம் கலங்கும் என்று நம்மவர்கள் பாடி வைத்தார்கள். கலங்கியது கடன் கொடுத்த நெஞ்சம்தான். இந்த விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. எங்கள் அலுவலக அலமாரியிலிருந்து பழைய தொகுப்புகளை 'நாளைக்கே தருகிறேன்' என்று எடுத்துப் போனவர்களில் சிலர் இன்று ஆராய்ச்சியாளர்கள். அந்தத் தொகுப்புகளிலிருந்து கட்டுரை எழுதி அதை எங்களுக்கே அனுப்புகிறார்கள்; தொகுப்பை அனுப்புவதில்லை. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதவனைத் திருடன் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

டன்சாபுரோவின் குறும்புக்கு வருவோம். சாடோவில் காட்டு நரி இல்லை. அதற்குத் தீவுக்காரர்கள் சொல்லும் காரணம் இவன்தான். வெளியூர் போய்த் திரும்பும் வழியில் ஒரு நரி இவனைப் பிடித்துக்கொண்டு, தன்னையும் சாடோவுக்கு அழைத்துப் போகச் சொன்னதாம். "வா, ஆனால் இந்த உருவத்தில் கப்பலேறினால் சந்தேகப்படுவார்கள். என் காலுக்குச் செருப்பாக மாறிவிடு" என்றான். நரியும் வைக்கோல் செருப்பானது. டன்சாபுரோ அதைப் போட்டுக்கொண்டு கப்பலேறினான். நடுக்கடலில் காலை உதறினான். செருப்பு போயிற்று, நரியும் போயிற்று.

இன்னொன்று இதைவிட எனக்குப் பிடிக்கும். உருமாறுவதில் நான் கெட்டிக்காரன் என்று பீற்றிக்கொண்ட நரியிடம், "நான் பிரபுவின் பவனியாகவே மாறிக் காட்டுகிறேன், பார்" என்று சொல்லிவிட்டு டன்சாபுரோ மறைந்தான். சற்று நேரத்தில் வேலும் பல்லக்கும் ஆள்படையுமாகப் பவனி வந்தது. நரி துள்ளிக் குதித்துக் குறுக்கே ஓடி, "பலே, அப்படியே இருக்கிறது!" என்று மெச்சியது. வந்தது மெய்யான பவனி. காவலர்கள் நரியை அங்கேயே தீர்த்துவிட்டார்கள். டன்சாபுரோ எந்த உருவமும் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறவே மாறாமல் ஜெயித்த மாயாவி அவன்.

இந்த இடத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல ஒரு கூட்டம் வரும். அவர்களோடு எனக்குப் பழைய பகை. டன்சாபுரோ என்பவன் ஒரு வியாபாரிதான், தனுக்கிகளைத் தீவுக்குக் கொண்டுவந்து வளர்த்தான், அதுதான் கதையாயிற்று, அவ்வளவுதான் என்று முடித்துவிடுவார்கள். அப்படி ஒரு விளக்கம் இருப்பது உண்மை, அது பொருத்தமாகவும் இருக்கிறது. ஜப்பானியப் பெட்டித் துருத்தியில் காற்றைத் தள்ளும் பலகையின் ஓரங்களில் தனுக்கித் தோலைச் சுற்றுவார்கள். அடர்ந்த மயிர் இடைவெளியை அடைத்துக்கொள்ளும், காற்று கசியாது. தங்கம் உருக்குகிற ஊரில் துருத்திக்கும் தோலுக்கும் கிராக்கி இருந்திருக்கும். சரி, ஆனால் வியாபாரி என்று சொல்லிவிட்டால், வளை வாசலில் வைத்த காகிதத்துக்கு என்ன பதில்? தீவின் ஏழை ஏன் ஒரு விலங்கிடம் கடன் கேட்டான் என்பதை இந்த விளக்கக்காரர்கள் கேட்பதே இல்லை.

நான் கேட்கிறேன், ஏனென்றால் சாடோ தங்கத்தின்மேல் உட்கார்ந்திருந்த தீவு. 1601இல் தீவின் ஐகாவா என்ற ஊரில் பெரும் தங்கப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அன்று ஜப்பானை ஆண்ட தோகுகவா வம்சத்தின் ஆட்சி சுரங்கத்தைத் தன் நேரடிப் பிடியில் வைத்துக்கொண்டது. ஒரு மலையின் உச்சியையே இரண்டாகப் பிளந்து தோண்டினார்கள். அந்தப் பிளவு இன்றும் தெரிகிறது. ஆழம் போகப் போகச் சுரங்கத்தில் நீர் ஊறியது. அதை இறைக்க, 1778 முதல் எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) வீடு வாசலற்ற மனிதர்களைப் பிடித்து அனுப்பினார்கள். ஆட்சி முடியும்வரை அப்படிப் போனவர்கள் சுமார் 1,800 பேர். இருட்டில் இரவு பகலாக நீர் இறைத்தே பலர் செத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொரியாவிலிருந்து கொண்டுவந்து வேலை வாங்கியவர்கள் 1,500 பேர் அளவில். சுரங்கம் 1989இல் மூடப்பட்டது. 2024இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, கொரியர்களின் கதையை எப்படிச் சொல்வது என்பதில்தான் ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் இழுபறி.

தங்கமெல்லாம் கஜானாவுக்குப் போய்விட்டது. குடியானவனின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் அவசரத்துக்கு நம்பியது, மண்ணுக்குள் வளையில் வாழும் ஒரு பிராணியை. டன்சாபுரோவின் பணம் சுரங்கத்திலிருந்து அவன் சேர்த்தது என்று சொல்வார்கள். அப்படியானால் சாடோவின் தங்கத்தில் சாடோக்காரனுக்குப் பங்கு கொடுத்தது அவன் ஒருவன்தான்.

ஐகாவாவில் ஃபுதாட்சு இவா என்ற இடத்தில் அவனுக்குக் கோயில் இருக்கிறது. ஏன் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். செருப்புக் கதையில் தொடங்குங்கள், சிரிப்பார்கள். ஆனால் கடன் வாங்கியவர்கள் கைவிரித்த பகுதியைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். குழந்தைகளுக்கு ஏற்றபடி என்ற பெயரில் மனிதர்களின் குற்றத்தை நீக்கிவிட்டு, விலங்கின் குற்றத்தை மட்டும் அச்சிடுகிறார்கள்.