இங்கிலாந்தில் பழங்காடு (ancient woodland) ஒன்றைச் சொந்தமாக வாங்க முடியுமா? வாங்கியவர்கள் அனுபவம் என்ன?

முடியும். ஆறு வருடங்களுக்கு முன் நானும் என் மனைவியும் கிழக்கு சசெக்ஸில் நாலு ஏக்கர் வாங்கினோம். ஓக், ஹார்ன்பீம், ஹேசல் நிற்கிற காடு. இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்கள் நிலம் வாங்கவும் இங்கே தடை கிடையாது.

வாங்கிய பிறகு உள்ளே ஒரு சின்ன வீடு கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணம் இருந்தால் வாங்காதீர்கள். பழங்காட்டில் குடியிருக்க வீடு கட்ட அனுமதி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காட்டு வேலைக்குக் கருவிகள் வைக்க ஒரு கொட்டகை போடுவதானாலும் முன்கூட்டியே உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

பழங்காடு என்றால் மரங்களுக்கு வயது அதிகம் என்று அர்த்தம் இல்லை. 1600க்கு முன்பிருந்தே தொடர்ந்து காடாக இருந்துவரும் இடத்தைத்தான் இங்கிலாந்தில் அப்படிச் சொல்கிறார்கள். அதனால் நீங்கள் பணம் கொடுப்பது முக்கியமாக மண்ணுக்கு. ஏர் படாத மண், அதற்குள் இருக்கும் பூஞ்சை, கிழங்கு, விதை. மரத்தை யாரும் நட்டுவிடலாம், இந்த மண்ணை உண்டாக்க முடியாது.

ஆகவே ஏப்ரல் கடைசியில் போய்ப் பாருங்கள். மரங்கள் முழுதாக இலை விடுவதற்கு முன், வெயில் தரைவரை விழும் அந்தச் சில வாரங்களில் காடு தன் வயதைக் காட்டிவிடும். எங்கள் காட்டின் தெற்கு ஓரத்தில் உட்ஆனிமோன் என்ற வெள்ளைப் பூ ஒரு பாய் விரித்த அளவுக்குப் படர்ந்திருந்தது. அது விதையால் அதிகம் பரவாது, வேர்க்கிழங்கு வழியாக நூறு வருடத்துக்கு ஏறத்தாழ ஆறடிதான் நகரும் என்பார்கள். அதன் பக்கத்திலேயே இடுப்பளவு மண்கரை, கரைக்கு வெளியே பள்ளம். ஆடுமாடு உள்ளே வராமலிருக்க அந்தக் காலத்தில் வெட்டிய எல்லை. அந்தக் கரைமேல் நின்றபோதே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம்.

ஆனால் அது நாங்கள் பார்த்த இரண்டாவது காடு. முதலில் கென்ட்டில் ஒன்று பார்த்து, பேசி, விலையும் படிந்துவிட்டது. பத்திரத்தைப் படித்த வக்கீல்தான் வேட்டை உரிமையைப் பழைய உரிமையாளர் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறார் என்று காட்டினார். நாம் காட்டில் இருக்கும்போது இன்னொருவர் துப்பாக்கியோடு வர உரிமை உண்டு! விட்டுவிட்டோம். நீங்களும் மூன்று விஷயங்களைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்: தார்ச்சாலையிலிருந்து வண்டிப் பாத்தியம் எழுத்தில் இருக்கிறதா, வேட்டை உரிமை யாரிடம், யாரும் நடந்து போக உரிமையுள்ள பொதுநடைபாதை காட்டின் குறுக்கே போகிறதா. மூன்றாவது இருந்தால் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 2012ல் இங்கே முதலில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆஷ் மரங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. செத்த ஆஷ் சட்டென்று முறியும், பாதையோரம் நின்றால் பொறுப்பு நம்முடையது.

நம் காடுதானே என்று இஷ்டத்துக்கு வெட்டவும் முடியாது. மூன்று மாதக் காலாண்டு ஒன்றுக்கு ஐந்து கன மீட்டர்வரை உரிமம் இல்லாமல் வெட்டலாம், அதில் விற்பது இரண்டைத் தாண்டக் கூடாது. ஒல்லியான மரங்களுக்கு விலக்கு உண்டு. எங்கள் விறகு அடுப்புக்கு இது தாராளமாகப் போதும். பாதுகாக்கப்பட்ட மரங்கள், டார்மவுஸ் (எலி போன்ற சின்னப் பிராணி), வௌவால் இருந்தால் விதிகள் தனி.

இங்கே ஹேசலைக் கரும்புக்கு மறுதாம்பு விடுவது போல வளர்ப்பார்கள். ஏழு முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை குளிர்காலத்தில் அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெளிச்சம் பட்ட இடத்தில் பூக்களும் பெருகும். இதைப் படித்துவிட்டு முதல் குளிர்காலத்திலேயே ஆசையாக முப்பது கட்டைகளை வெட்டினோம். மே மாதம் விரல் நீளத்துக்குத் துளிர் வந்தது. ஜூனில் போனால் ஒன்றுகூட இல்லை, அத்தனையும் மான் மேய்ந்துவிட்டிருந்தது. நாலு கட்டைகள் செத்தே போயின. எவ்வளவு காலமாகத் துளிர்த்துவந்த கட்டைகளோ, எங்கள் அவசரத்தால் போயின. இன்றும் அந்தப் பக்கம் போனால் மனசு கஷ்டப்படும். அதனால் சொல்கிறேன், முதல் வருடம் எதையும் வெட்டாதீர்கள். நாலு பருவமும் நடந்து பாருங்கள், எங்கே தண்ணீர் தேங்குகிறது, மான் எந்த வழியாக வருகிறது என்று குறித்து வையுங்கள்.

அப்புறம் விலை. பெரிய காட்டைத் துண்டு போட்டு விற்பதால் சின்னத் துண்டுக்கு ஏக்கர் விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன் ஓக்கை அழித்து ஊசியிலை மரம் நட்ட பழங்காடுகளும் விற்பனைக்கு வரும். பார்க்க இருட்டாக இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். அடியில் அதே பழைய மண் இருக்கும். ஊசியிலை மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெளிச்சம் விட்டால் பல இடங்களில் பூக்கள் திரும்பி வருகின்றன. பொறுமை இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

மிஞ்சிய இருபத்தாறு கட்டைகளைச் சுற்றியும் வெட்டிய கிளைகளையே வேலியாக அடுக்கினோம். இந்த வருடம் அவற்றின் துளிர் என் தலைக்கு மேலே போய்விட்டது.