பட்டறைப் பக்கம்: காலை எடுத்தும் ரேஸ் இறங்கவில்லையா?

கேள்வி: என்னுடையது 20 வருடப் பழைய டீசல் பிக்கப். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் சில நேரம் ரேஸ் அப்படியே நிற்கிறது. பெடலை ஒரு தட்டுத் தட்டினால்தான் இறங்குகிறது. பட்டறையில் இன்னொரு ரிட்டன் ஸ்பிரிங் மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் சரியாக இருந்தது, இப்போது மறுபடியும் அதே கதை. இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்பை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கத்தான் வேண்டுமா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: அவசரப்பட்டு இறக்காதீர்கள். பெடலுக்கும் பம்புக்கும் நடுவில் எங்கே பிடிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும்.

இன்ஜினை நிறுத்தி ஆற விடுங்கள். பம்ப் லீவரில் மாட்டியிருக்கும் ராடையோ கேபிளையோ கழற்றிவிட்டு, லீவரைக் கையால் கடைசிவரை தள்ளி விடுங்கள். ‘டக்’கென்று திரும்பி, அதை நிறுத்தும் ஐடிலிங் ஸ்க்ரூவில் வந்து முட்ட வேண்டும். வேகமாகத் தள்ளி ஒரு முறை, மெதுவாகத் தள்ளி ஒரு முறை, பாதியில் விட்டு ஒரு முறை பாருங்கள். மூன்றிலும் முட்டினால் லீவரில் குறை இல்லை. கோளாறு பெரும்பாலும் வெளியே இருக்கிறது. தயங்கி வந்தால் லீவர் ஷாஃப்ட்டில் துரு ஏறியிருக்கும், அல்லது ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கும். அது டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்காரர் வேலை.

இன்னொரு வகையும் உண்டு. லீவர் ஒழுங்காக வந்து ஸ்க்ரூவில் முட்டி நிற்கிறது, ரேஸ் மட்டும் இறங்கவில்லை என்றால் பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு சிக்குகிறது. டீசலில் தண்ணீர் கலந்த வண்டிக்கும், மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிக்கும் இது வரும். அப்போது பம்பை இறக்கத்தான் வேண்டும். உங்களுக்குப் பெடலைத் தட்டினால் இறங்குகிறது என்பதால், பெடலையும் பம்பையும் இணைக்கும் ராடு, கேபிள், ஜாயிண்ட் அடங்கிய லிங்கேஜ் மேல்தான் சந்தேகம்.

அடுத்து பெடல் பக்கம். கேபிள் கழன்றிருக்கும்போதே பெடலைக் கையால் அமுக்கி விடுங்கள். கனத்த ரப்பர் மேட்டின் ஓரம், மேட்டுக்கு மேல் விரித்த சாக்கு, பெடல் பின்னில் சுற்றிய வைக்கோல் துணுக்கு, இதெல்லாம் நம் பக்கத்து லோடு வண்டிகளில் சாதாரணம். ஐப்பசி, கார்த்திகையில் தரைக்கு அடியில் அப்பிய சேறு, தையில் காய்ந்து கல்லாகிவிடும். மேலூர் பக்கம் குவாரி ஓட்டம் ஓடும் வண்டிகளில் கல் தூசி கிரீஸோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி பின்னையே அராவிவிடும்.

இரண்டு முனையும் சரி என்றால் மிச்சம் நடுவில் இருப்பதுதான். ராடு வைத்த வண்டியில் ஒவ்வொரு பால் ஜாயிண்ட்டையும் கழற்றி, உருண்டையை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்து வரம்பு தட்டினால் அது சிக்கும். கிரீஸ் போட்டுப் பயனில்லை, மாற்றுங்கள். கழற்றும் முன் ராடு மரையில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு, எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எழுதி வையுங்கள். நீளம் மாறினால் ஐடிலிங்கும் மாறிவிடும். நல்ல ஜாயிண்ட்டை மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, காய வைத்து, பட்டாணி அளவு லித்தியம் கிரீஸ் வைத்தால் போதும். வழிய வழிய அப்பினால் அடுத்த வாரமே மண்ணைச் சேர்த்துக்கொள்ளும். ஸ்பிளிட் பின் இருந்த இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தால், அதை எடுத்துவிட்டு சரியான பின் போடுங்கள். கம்பியின் வால் பக்கத்துத் தகட்டில் மாட்டியே ரேஸ் நின்றுபோகும்.

நிற்கும்போது நன்றாக இருந்து, லோடோடு கியரில் போகும்போது மட்டும் சிக்கினால் இன்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து ராடைத் தானே இழுக்கும். இதைப் பலரும் பார்ப்பதில்லை. லிங்கேஜை எத்தனை முறை கழுவினாலும் தீராத வண்டிகளில் இதுதான் காரணமாக இருக்கும்.

இரண்டாவது ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். சிக்கலை அது மறைக்குமே தவிரத் தீர்க்காது. பெடல் கனத்துவிடும், கேபிளில் இழுவை கூடும், பம்ப் ஷாஃப்ட் புஷ் ஒரு பக்கமாகத் தேயும். பழைய ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருந்தால் அதே கம்பித் தடிமன், அதே நீளத்தில் புதிது ஒன்று போடுவதே முறை.

கேள்வி: ஆக்ஸிலேட்டர் கேபிளைப் புதிதாக மாற்றியும் பெடல் சொரசொரவென்று வருகிறது. ஆயில் விட்டும் பார்த்துவிட்டேன்.
— வாசகர், வாடிப்பட்டி

பதில்: உள்ளே நைலான் குழாய் வைத்த கேபிளுக்கு ஆயில் விடக்கூடாது. ஆயில் தூசியைப் பிடித்துக் களிம்பாகி, இழுவையைக் கூட்டும். குழாய் இல்லாத பழைய இரும்புக் கேபிளுக்கு மட்டும் மெல்லிய மெஷின் ஆயில் விடலாம். மேல் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கூம்பாகக் கட்டி ஆயில் ஊற்றி, இரவெல்லாம் தொங்க விடுங்கள். கீழ் முனையில் சொட்ட வேண்டும்.

புதுக் கேபிளும் சிக்குகிறது என்றால் அது போகும் பாதையைப் பாருங்கள். சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் அருகில் போனால், கேபிளின் மேலுறையான அவுட்டர் இளகி உள்ளே ஒட்டும். நீளம் கூடிய கேபிளைச் சுருட்டிக் கட்டியிருந்தால் ஒவ்வொரு வளைவும் ஒரு பிரேக். கடைக்குப் போகும்போது பழைய கேபிளைக் கையோடு கொண்டுபோய், அவுட்டர் நீளம், வெளியே நீட்டும் உள்கம்பியான இன்னர் நீளம் இரண்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

மாட்டிய பிறகு ஒருவர் பெடலை முழுவதும் மிதிக்க, இன்னொருவர் பம்ப் லீவரைப் பார்க்க வேண்டும். லீவர் மேக்ஸிமம் ஸ்க்ரூவில் முட்டும் அதே நேரம் பெடலும் தரை ஸ்டாப்பரில் உட்கார வேண்டும். லீவர் முன்பே முட்டிவிட்டால் உங்கள் கால் பலமெல்லாம் கேபிளில் இறங்கும். கேபிள் முனைக் குண்டான நிப்பிள் பக்கத்தில் ஒரு இழை அறுந்து, அது அவுட்டருக்குள் மாட்டிக்கொள்ளும். காலை எடுத்த நிலையில் கேபிளில் 2, 3 மில்லிமீட்டர் லூஸ் இருக்கட்டும். கம்பி போட்டு சீல் வைத்திருக்கும் மேக்ஸிமம் ஸ்க்ரூவை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள்.

கேள்வி: சிறுமலையில் இறங்கும்போது ரேஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?
— வாசகர், நத்தம்

பதில்: 18 கொண்டை ஊசி வளைவு இருக்கும் ரோடு, அதனால் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும். பெடலை ஒரு முறை தட்டிப் பாருங்கள், குனிந்து தேடாதீர்கள். இறங்கவில்லையா, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கிளட்ச்சை மிதித்து நியூட்ரல் செய்யுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் கூடாது என்பது சரிதான், ஆனால் ரேஸ் மாட்டிய இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, தள்ளும். இன்ஜின் அலறும், பம்பின் கவர்னர் சரியாக இருந்தால் ஒரு அளவுக்கு மேல் ஏற விடாது, பயப்படாதீர்கள்.

வண்டி நிற்கும்வரை இன்ஜினை நிறுத்தக்கூடாது. பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் தருவது இன்ஜினோடு ஓடும் வேக்கம் பம்ப். நிறுத்திவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும். ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, அதன் பிறகு இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் நாப்பை இழுங்கள். நாப் கேபிள் அறுந்திருந்தால் போனட்டைத் திறந்து பம்பில் இருக்கும் ஸ்டாப் லீவரைக் கையால் தள்ள வேண்டியிருக்கும். அது எது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதை வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள். டயருக்கு இரண்டு கல் வைத்த பிறகு கேபிளைப் பாருங்கள்.